விசாத் தாளை யார் படிப்பது?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'வெளிநாட்டு வேலையும் பெண்களும்'. தலைப்பு பெரிசு, நேரம் சிறிசு. அதனால நான் ஒரே ஒரு தாளைப் பத்தி மட்டும் பேசிட்டு இறங்கிடறேன். விசாத் தாள்.

நம்ம தீர்மானப் பதிவேடுகளை எடுத்துப் பாருங்க. ஆரம்பத்துல கடன் எதுக்குக் கேட்டோம்? ஆடு வாங்க, மாடு வாங்க, தையல் மிஷின், சின்னாளபட்டிப் பக்கம்னா சுங்குடிச் சேலைக்கு, நிலக்கோட்டைப் பக்கம்னா மல்லிகைத் தோட்டத்துக்கு, பிள்ளை படிப்புக்கு, அடகு நகையைத் திருப்ப. இப்ப கொஞ்ச வருஷமா புதுசா ஒரு காரணம் எழுதுறோம்: 'வெளிநாடு செல்ல'. அவ்வளவுதான் எழுதுறோம். எந்த நாடு, என்ன வேலை, என்ன விசா, ஒண்ணும் இருக்காது.

அய்யலூர்ச் சந்தைக்கு வியாழக்கிழமை போய் ஒரு ஆடு வாங்குறதுன்னா பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம், முதுகைத் தடவிப் பார்க்கிறோம், விவரம் தெரிஞ்ச ஒரு ஆளைக் கூடக் கூட்டிட்டுப் போறோம். ஒரு லட்ச ரூபாய் கட்டி நம்ம கூட உட்கார்ந்து சந்தாக் கட்டின பெண்ணையே அனுப்புறோம், அந்தத் தாளை ஒருத்தரும் வாங்கிப் படிக்கிறது இல்லை. 'ஏஜென்ட் பார்த்துக்கிருவாரு'ன்னு விட்டுடறோம்.

நான் 2011-ல் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனவ. அஞ்சு வருஷம் ஒரே வீடு. அந்த வீட்டம்மா நல்லவங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா வெளிநாடுன்னா பயமுறுத்துறதுக்காக நான் இங்க வரலை. அந்தச் சம்பளத்துலதான் என் மக நர்சிங் படிச்சா, கூரை வீடு ஓட்டு வீடாச்சு. போறதா வேண்டாமான்னு முடிவு பண்றது அவங்கவங்க வீட்டு விஷயம். ஆனா போறதுன்னு முடிவு பண்ணிட்டா எந்த விசாவுல போறோம்ங்கிறதுலதான் பாதித் தலையெழுத்து இருக்கு. சம்பளத்தை விட அதைத்தான் முதல்ல பார்க்கணும்னு நான் சொல்றேன்.

நம்ம ஊருக்கு வர்ற ஏஜென்ட் வாயில ஒரே ஒரு வசனம் இருக்கும். 'அங்க போய் மாத்திக்கலாம்.' விசிட் விசாவுல வர்றியாம்மா, அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம். வீட்டுவேலை விசாதான் இருக்கு, அங்க போய் கம்பெனி விசாவா மாத்திக்கலாம். ஒப்பந்தத்துல சம்பளம் கம்மியா இருக்கா, அங்க போய்ப் பேசி மாத்திக்கலாம். இந்த வசனத்தைக் கேட்டா எழுந்திரிச்சு வந்துருங்க.

ஏன் சொல்றேன்னா, நம்ம திண்டுக்கல்காரங்களுக்குப் பூட்டைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பூட்டு எவ்வளவு கனமா இருந்தாலும் சாவி யாருகிட்டங்கிறதுதான் பேச்சு. வளைகுடா நாட்டு வேலை விசா, அந்த முதலாளி பேருல வர்ற விசா. கஃபீல்னு சொல்வாங்க. நீங்க அந்த நாட்டுல இருக்கிறதுக்கு உண்டான உரிமையே அவர் பேரோட சேர்ந்து இருக்கு. அவர் வீட்டை விட்டு வெளிய வந்து வேற வீட்டுல வேலை பார்த்தா, வேலை மட்டும் போகாது, நாட்டுல இருக்கிற உரிமையும் சேர்ந்து போகும். சவூதியில 'ஹுரூப்'னு ஒண்ணு இருக்கு. 'என் வேலையாள் ஓடிப்போயிட்டா'ன்னு முதலாளி பதிஞ்சுட்டா, அதுக்கப்புறம் நீங்க சட்டத்துக்குப் புறம்பான ஆள். அடி தாங்காம ஓடினாலும் சரி, சம்பளம் வராம ஓடினாலும் சரி, ரிக்கார்டுல 'ஓடிப்போனவ'தான்.

அதனால விசாத் தாளைக் கையில வாங்கினா, முதல்ல அதுல முதலாளி பேரு யாருன்னு பாருங்க. ஏஜென்ட் சொன்ன பேரும் தாள்ல இருக்கிற பேரும் ஒண்ணா? 'ஃப்ரீ விசா'ன்னு ஒண்ணு விப்பாங்க. ஃப்ரீன்னா இலவசம்னு நினைச்சுறாதீங்க, அதுக்குத்தான் காசு ஜாஸ்தி. யாரோ ஒருத்தர் பேருல விசா எடுத்து, 'அவருக்கு மாசாமாசம் இவ்வளவு கொடுத்துரு, நீ எங்க வேணா வேலை பார்த்துக்க'ன்னு சொல்றது அது. சட்டத்துல அப்படி ஒரு விசாவே கிடையாது. சோதனையில மாட்டினா அந்த 'யாரோ ஒருத்தர்' போனையே எடுக்க மாட்டார்.

அடுத்தது, விசா என்ன வகைன்னு பார்க்கணும். குவைத்தை எனக்குத் தெரியும், அதனால குவைத்தை வச்சே சொல்றேன். அங்க தனியார் கம்பெனி வேலைன்னா 18-ஆம் நம்பர் விசா, வீட்டுவேலைன்னா 20-ஆம் நம்பர் விசா. 'ஆஸ்பத்திரியில கிளீனிங் வேலை'ன்னு சொல்லிட்டு 20-ஐக் கையில கொடுத்தா, நீங்க போறது ஆஸ்பத்திரிக்கு இல்லை, ஒரு வீட்டுக்கு. 20-ல இருந்து 18-க்கு மாறுறது நினைச்ச நேரத்துல முடியாது. 2024-ல ஜூலை மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் ரெண்டு மாசம் மட்டும் அந்த அரசாங்கம் அதுக்குக் கதவைத் திறந்துவிட்டுச்சு. அதுவும் அந்த வீட்டுல ஒரு வருஷம் முடிச்சிருக்கணும், முதலாளி சம்மதிக்கணும்னு நிபந்தனையோட. அவ்வளவு அபூர்வமான ஒண்ணைத்தான் இங்க ஒரு டீக்கடையில உட்கார்ந்துக்கிட்டு 'போய் மாத்திக்கலாம்'னு சொல்றாங்க.

20-ஆம் நம்பர் விசா கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. வீட்டுவேலைதான்னு தெரிஞ்சு போனா அதுக்கும் ஒரு சட்டம் இருக்கு. குவைத்துல 2015-ல வீட்டுவேலைக்காரங்களுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, வாரத்துல ஒரு நாள் லீவு, வருஷத்துக்கு ஒரு மாசம் சம்பளத்தோட விடுமுறை, பாஸ்போர்ட்டை முதலாளி பிடிச்சு வைக்கக் கூடாது, ஒப்பந்தம் முடிஞ்சா வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம் கணக்குப் போட்டுக் கையில தரணும். அடுத்த வருஷம் குறைஞ்சபட்சச் சம்பளம் 60 தினார்னு வச்சாங்க. நான் போனப்ப எனக்கு 45 தினார். சட்டம் எழுதினபடி எல்லா வீட்லயும் நடக்குதான்னு கேட்டா, நடக்கலை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பீரோவுல வைக்கிற வீடுதான் நான் பார்த்ததுல பாதி. ஆனா வேலை விசாவுல போனவளுக்குத்தான் 'சட்டம் இப்படி இருக்கே'ன்னு கேட்க வாய் இருக்கு. விசிட் விசாவுல போனவ அந்தச் சட்டத்துக்குள்ளயே வரமாட்டா. அவ கணக்குல வேலைக்காரியே இல்லை, சுத்திப் பார்க்க வந்தவ.

விசிட் விசாக் கதை ஒண்ணு சொல்றேன். ஆள் யாரு, எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன், அவங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். நாப்பது வயசு, எட்டாவது படிப்பு, வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுல வேலை. 'சார்ஜாவுல ஒரு மாசம் விசிட், அதுக்குள்ள வீடு பார்த்து விசா அடிச்சிருவோம்'னு கூட்டிட்டுப் போனாங்க. சார்ஜாவுல ஒரு ரூம்ல பதினோரு பெண்கள். பத்து நாள் கழிச்சு ராத்திரியில வண்டியில ஏத்தி எல்லை தாண்டி ஓமான். 'நான் சார்ஜாவுக்குத்தானே வந்தேன்'னு கேட்டதுக்கு, 'எல்லாம் ஒண்ணுதான்'னு பதில். ஓமான்ல மூணு வீடு மாத்தினாங்க. சம்பளம் கேட்டா, 'உன்னை வாங்கின காசு இன்னும் தீரலை'ன்னு அந்த வீட்டுக்காரங்க சொன்னாங்களாம். அவங்க பொய் சொல்லலை, அவங்க உண்மையிலேயே ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டியிருக்காங்க. நடுவுல நின்னவன் ரெண்டு பக்கமும் வாங்கிட்டான். இந்தப் பெண் ஊரு திரும்ப ஏழு மாசம் ஆச்சு, தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்ததே பெரிய பாடு. இது ஏதோ நம்ம பக்கத்துல மட்டும் நடந்ததுன்னு நினைக்காதீங்க. பஞ்சாப்ல இருந்து இதே மாதிரி ஓமானுக்குப் போய் மாட்டின பெண்களை 2023-ல கூட்டம் கூட்டமா மீட்டுக் கொண்டுவந்தாங்க, பேப்பர்ல வந்துச்சு.

விசிட் விசாவுல தேதி முடிஞ்சு தங்கினா என்ன ஆகும்? ஐக்கிய அரபு அமீரகத்துல ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். ஒரு திர்ஹம் 22 ரூபாய்னு வச்சுக்கிட்டாக்கூட நாளைக்கு 1,100 ரூபாய், மாசத்துக்கு 33,000. நம்ம ஆளுக்குச் சொன்ன சம்பளத்தை விட அபராதம் கூட. 2024 செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அமீரகம் பொது மன்னிப்பு கொடுத்துச்சு, அபராதம் இல்லாமப் போகலாம்னு. நிறையப் பேர் அப்பத்தான் தப்பிச்சாங்க. மன்னிப்பு வருஷா வருஷம் வராது. அதை நம்பி யாரும் ஏறக் கூடாது.

இப்ப பாஸ்போர்ட்டுக்கு வர்றேன். பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட்ல ஈ.சி.ஆர்னு இருக்கும். குடியகல்வு அனுமதி தேவைன்னு அர்த்தம். 1983-ஆம் வருஷத்துக் குடியகல்வுச் சட்டப்படி, ஈ.சி.ஆர் பாஸ்போர்ட்டோட சவூதி, குவைத், அமீரகம், கத்தார், ஓமான், பஹ்ரைன், மலேசியா மாதிரி குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போனா, போறதுக்கு முன்னாடி குடியகல்வோர் பாதுகாவலர் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். சென்னையில ஆபீஸ் இருக்கு, விண்ணப்பம் எல்லாம் இ-மைகிரேட் தளத்துல. அதுல முதலாளி பேரு, சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் ஏத்தணும். ஒரு நாள் பயிற்சியும் உண்டு.

சிங்கப்பூர் இந்தப் பட்டியல்ல இல்லை. அதை ஞாபகம் வச்சுக்குங்க, கொஞ்ச நேரத்துல அதுக்கு வர்றேன்.

ஈ.சி.ஆர்னா ஏதோ குறைச்சல்னு நம்ம பிள்ளைக நினைக்குதுக. ஏஜென்ட்டும் அதை ஒரு தொந்தரவு மாதிரியே பேசுவார். அது தொந்தரவு இல்லை, வேலி. பத்தாவது பாஸ் பண்ணின பெண்ணுக்கு இந்த அனுமதியே தேவையில்லை. அதனால அவ ஒப்பந்தத்தை இங்க ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. படிச்சவளுக்கு விவரம் தெரியும்னு அரசாங்கம் நினைக்குது. பத்தாவதுல வரலாறும் அறிவியலும் படிச்சோம், அரபு நாட்டு ஒப்பந்தமா படிச்சோம்? இ-மைகிரேட்ல விருப்பப்பட்டுப் பதியிற வசதி அவங்களுக்கும் இருக்கு. பதிஞ்சுட்டுப் போகச் சொல்லுங்க.

இன்னொரு விதி, ஈ.சி.ஆர் பெண்கள் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயசு முடிஞ்சிருக்கணும். இந்த விதியில எனக்கு முழுச் சம்மதம் இல்லை. இருபத்தாறு வயசுல புருஷன் செத்து ரெண்டு பிள்ளையோட நிக்கிறவகிட்ட 'இன்னும் நாலு வருஷம் பொறு'ன்னா அவ எங்க போவா? நேர் வழி அடைச்சிருந்தா குறுக்கு வழிக்காரன்கிட்டத்தான் போவா. விசிட் விசாக்காரனுக்கு இந்த விதிதான் ஆள் பிடிச்சுக் கொடுக்குது. விதியைப் பத்தி மேல இருக்கிறவங்ககிட்ட நம்ம கூட்டமைப்பு மனு கொடுக்கலாம், கொடுக்கணும். ஆனா விதி இருக்கிற வரைக்கும், வயசைத் திருத்திப் பாஸ்போர்ட் எடுக்கிற வேலைக்கு யாரும் துணை போக வேண்டாம். பின்னாடி ஒரு விபத்துன்னா காப்பீட்டுக்குப் போய் நிக்கும்போது அந்த ஒரு தேதி எல்லாத்தையும் கெடுத்துரும்.

காப்பீடு அனுமதியோட சேர்ந்தே வருது. பிரவாசி பாரதீய பீமா யோஜனா. ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணு வருஷத்துக்கு 375. விபத்துல உயிர் போனாலோ, நிரந்தரமா ஊனம் ஆனாலோ 10 லட்சம். நம்ம பால் சொசைட்டியில மாட்டுக்கு எடுக்கிற இன்சூரன்ஸ் பணத்தை நினைச்சுப் பாருங்க. விசிட் விசாவுல போறவளுக்கு இது கிடையாது.

வீட்டுவேலைக்குப் போற ஈ.சி.ஆர் பெண்களை ஏமாத்துறது ஜாஸ்தியானதால, 2016-ல மத்திய அரசு அந்த ஆளெடுப்பைத் தனியார்கிட்ட இருந்து எடுத்து மாநில அரசு நிறுவனங்களுக்குக் கொடுத்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் தமிழ்நாட்டுல இருந்து ரியாத்துக்கு வீட்டுவேலைக்குப் போன ஒரு அம்மா கை போய்த் திரும்பி வந்தது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நம்ம மாநிலத்துக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978-ல ஆரம்பிச்சது, கிண்டியில இருக்கு. நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறதே தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம். ஆ, ஆறு பேர். ஏஜென்ட் போன் நம்பர் எத்தனை பேர்கிட்ட இருக்குன்னு கேட்டா ஹால் முழுக்கக் கை தூக்கும்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். அதுதான் நமக்கு நல்லா வரும்.

பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு ஆள்கிட்ட வாங்கலாம்னு அரசாங்கம் வச்ச உச்சவரம்பு 30,000 ரூபாய், அதுக்கு மேல ஜி.எஸ்.டி 18 சதவீதம், ஆக 35,400. ரசீது கொடுக்கணும். நம்ம பக்கத்துல கேட்கிறது எவ்வளவு? ஒரு லட்சம், ஒண்ணே கால் லட்சம். ஒரு லட்சத்து இருபதாயிரம்னு வச்சுப்போம். வெளிய நூத்துக்கு மூணு ரூபாய் வட்டிக்கு வாங்கினா மாசம் வட்டி மட்டும் 3,600. குவைத்துல 60 தினார் சம்பளம், ஒரு தினார் 270 ரூபாய்னு போட்டா 16,200. அதுல வட்டி போனா 12,600. வீட்டுல பிள்ளைகளுக்கு, மாமியாருக்கு மாசம் 8,000 வேணும். மிச்சம் 4,600. அசலை மொத்தமாத் தந்தாத்தான் வாங்குவேன்கிற வட்டிக்காரர்கிட்ட அந்த 1,20,000 சேர்த்துக் கொடுக்க இருபத்தாறு மாசத்துக்கு மேல ஆகும். ஒப்பந்தமோ ரெண்டு வருஷம், இருபத்து நாலு மாசம். கடன் தீர்றதுக்கு முன்னாடி விசா தீர்ந்துரும். ஒரு நாள் உடம்பு சரியில்லாம சம்பளம் பிடிக்காம, ஒரு மாசம் சம்பளம் தாமதமாகாம எல்லாம் நல்லா நடந்தா வர்ற கணக்கு இது.

அதே பெண் 35,400-ஐ நம்ம குழுவுல நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினா? வட்டி மாசம் 354. அதையும் வீட்டுச் செலவையும் கழிச்சா மாசம் 7,800-க்கு மேல மிச்சம். அஞ்சாவது மாசம் கடன் இல்லை. வேலை அதேதான், சம்பளமும் அதேதான். வீட்டுல சண்டை சச்சரவுன்னாலும், 'டிக்கெட் போடுங்க, நான் ஊருக்குப் போறேன்'னு அவளாலதான் சொல்ல முடியும். லட்சக் கணக்குல கடன் இருக்கிறவ அடியை வாங்கிக்கிட்டு இருப்பா. அதைத்தான் நான் குவைத்துல கண்ணால பார்த்தேன். வெளிய வர முடியாம இருந்தவங்கள்ல ஜாஸ்திப் பேர் கதவு பூட்டியிருந்ததால இல்லை, ஊர்ல கடன் இருந்ததால இருந்தாங்க.

பதிவு இல்லாம ஆள் அனுப்புறது குற்றம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். அபராதம் ரெண்டாயிரம் ரூபாய் வரைக்கும். 1983-ல எழுதின ரெண்டாயிரம். நீங்க சிரிக்கிறீங்க. அவனும் சிரிக்கிறான். அதனால போலீசை நம்பி இருக்காம முதல்லயே பார்த்துரணும். ஏஜென்ட்டோட லைசென்ஸ் நம்பரை வாங்கி இ-மைகிரேட்ல போட்டா அது நடப்புல இருக்கா, காலாவதி ஆயிருச்சா, நிறுத்தி வச்சிருக்காங்களான்னு வந்துரும். 'நான் அவரோட ஆளு, சப்-ஏஜென்ட்'னு சொல்றவருக்கு லைசென்ஸ் கிடையாது. அவர் நம்ம சொந்தக்காரரா இருந்தாலும்தான். எங்க மதினி வீட்டுத் தம்பி ஒருத்தன் இதே வேலை பார்க்கிறான், அவன் முகத்துக்கு நேராவே சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம் எங்க வீட்டு விசேஷத்துக்கு அவன் வர்றதில்லை.

இப்ப சிங்கப்பூர். நம்ம ஆட்களுக்கு அங்க தமிழ் பேச ஆள் இருக்கு, கோவில் இருக்குன்னு ஆசை ஜாஸ்தி. அங்க வீட்டுவேலைக்கு 'ஒர்க் பெர்மிட்'. 23 வயசு ஆகியிருக்கணும், 50-க்குள்ள இருக்கணும், எட்டு வருஷம் பள்ளிப் படிப்பு இருக்கணும். நம்ம அனுமதிப் பட்டியல்ல அந்த நாடு இல்லைங்கிறதால நம்ம பக்கத்துச் சோதனை கம்மி, ஆனா அந்த நாட்டுச் சோதனை கூட. முதலாளி அரசாங்கத்துக்கு 5,000 சிங்கப்பூர் டாலர் பிணைத்தொகைக்குப் பொறுப்பேத்துக்கணும், மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் அவர் செலவுல எடுக்கணும். நீங்க விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே ஐ.பி.ஏ-ன்னு ஒரு முன் அனுமதிக் கடிதம் வரும். சம்பளம் எவ்வளவுங்கிறது அதுல இருக்கும். அந்தக் கடிதம் இல்லாம 'டூரிஸ்டா வா'ன்னு சொன்னா, பேச்சே வேண்டாம். அங்க இருக்கிற ஏஜென்சி ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாசச் சம்பளம், எவ்வளவு போனாலும் ரெண்டு மாசச் சம்பளம், அதுக்கு மேல உங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னு விதி. 2023 ஜனவரியில இருந்து மாசத்துல ஒரு நாள் லீவைக் காசு கொடுத்துக்கூட முதலாளி வாங்க முடியாது, விட்டே ஆகணும்.

அங்கயும் சாவி முதலாளிகிட்டத்தான். அவர் பெர்மிட்டை ரத்துப் பண்ணிட்டா திரும்பி வர வேண்டியதுதான். பெர்மிட்ல எழுதின வீட்டைத் தவிர அவங்க அக்கா வீட்டுக்கும் கடைக்கும் போய் வேலை செய்யக் கூடாது, அவங்களே அனுப்பினாலும் சட்டப்படி தப்பு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மருத்துவச் சோதனை, அதுல கர்ப்பச் சோதனையும் உண்டு. லீவுல வந்துட்டுப் போற கல்யாணமான தங்கச்சிகளுக்கு இதை ஒளிச்சு வைக்காமச் சொல்லணும்.

குவைத்தா சிங்கப்பூரான்னு என்னைக் கேட்டா, எட்டாவது படிப்பும் வயசும் சரியா இருக்கிற ஆளுக்கு நான் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். ஏறுறதுக்கு முன்னாடி சம்பளம் எழுத்துல வருது, அது எனக்குப் போதும். அந்தத் தகுதி இல்லாதவங்களுக்கு, அனுமதியோட, அரசு நிறுவனம் வழியா வளைகுடா. விசிட் விசாவுக்கு எவ்வளவு சம்பளம் சொன்னாலும் என் பதில் ஒண்ணுதான்.

பையன்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. 'தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலை'ன்னு டூரிஸ்ட் விசாவுல போன நம்ம தமிழ்ப் பிள்ளைகளை மியான்மர்ல மியாவதிங்கிற இடத்துக்குக் கடத்திட்டுப் போய், போன்ல ஊரை ஏமாத்துற வேலையைச் செய்ய வச்சாங்க. 2022-ல அரசாங்கம் மீட்டுக் கொண்டுவந்துச்சு. தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் விசா வாங்காமலே சுத்திப் பார்க்கப் போற வசதி இப்ப வந்திருக்கு. சுத்திப் பார்க்கத்தான் அது. படிச்ச பிள்ளைக்கும் அதே வசனந்தான், அங்க போய் மாத்திக்கலாம்.

எங்க குழுவுல போன தையில ஒரு தீர்மானம் போட்டோம். வெளிநாட்டுக்குன்னு கடன் கேட்டா பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ஏஜென்ட் லைசென்ஸ் நாலோட நகலும் மனு கூட இருக்கணும். கூட்டத்துல சத்தமா வாசிப்போம். முதலாளி பேரு, வேலை, சம்பளம், தேதி. ஒரு நகல் குழுப் பெட்டியில இருக்கும். ஆரம்பத்துல சில பேருக்குக் கோவம். 'என்னமோ திருடி மாதிரி விசாரிக்கிறீங்க'ன்னாங்க. கண்ணு பட்டுரும், சொன்னாக் காரியம் நடக்காதுன்னு மறைக்கிறவங்களும் இருக்காங்க. அந்த ஓமான் பெண்ணோட குடும்பத்துக்கிட்ட விசாத் தாள் நகல்கூட இல்லை, போன் பண்ணின ஒவ்வொரு ஆபீஸும் 'பாஸ்போர்ட் நம்பர் சொல்லுங்க'ன்னுதான் முதல்ல கேட்டாங்க. அந்த நம்பரைக் கண்டுபிடிக்கவே மூணு வாரம் போச்சு. அதைச் சொன்னப்புறம் யாரும் பேசலை.

போன் நம்பர்களை எழுதிக்குங்க. அயலகத் தமிழர் நலத்துறையோட இலவச எண் 1800 309 3793. மத்திய அரசோட உதவி மையம் 1800 11 3090. நம்ம ஊருக்குள்ள ஏஜென்ட் மிரட்டினா, பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வச்சா 181-க்கும் கூப்பிடலாம். பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வைக்க இங்கயும் எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை.

போன வாரம் ஒரு தங்கச்சி தாள் கொண்டுவந்து காட்டுச்சு. இருபத்தெட்டு வயசு, ஏழாவது படிப்பு. ஏஜென்ட் துபாய் விசிட் விசா கொடுத்திருக்கார், மாசம் 25,000 சொல்லியிருக்கார். சிங்கப்பூருக்கு ஒரு வருஷப் படிப்பு குறையுது. வளைகுடா அனுமதிக்கு ரெண்டு வயசு குறையுது. மில்லுல வர்ற சம்பளத்துல வட்டி கட்டவே பத்தலை. 'எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்றீங்க, நான் என்னக்கா பண்ண?'ன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்வி. நான் சொன்னது, அந்த விசாவைத் திருப்பிக் கொடு, கட்டின முன்பணத்தை நம்ம நாலு பேரு கூட வந்து கேட்போம். எட்டாவது பரீட்சையைத் தனித்தேர்வரா எழுது, அதை வச்சு என்ன செய்ய முடியும்னு பார்ப்போம். வட்டிக்கடனைக் குழுக்கடனா மாத்தித் தர்றதுக்கு இன்னைக்கு மத்தியானம் நம்ம கூட்டமைப்பு முன்னாடி மனு வருது. அந்தத் தங்கச்சி இங்கதான் உட்கார்ந்திருக்கு. மனு வாசிக்கும்போது அது யாருன்னு தெரியும்.

சாப்பாட்டுக்கு அப்புறம் நான் மேடைக்குப் பின்னாடி, தண்ணி டிரம் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். வீட்டுல யாராவது போகப் போறாங்கன்னா, இல்ல ஏற்கனவே போயிருக்காங்கன்னா, தாளைக் கொண்டுவாங்க. போன்ல போட்டோவா இருந்தாலும் போதும்.